காரணம் எழுதும் கட்டம்

அரசரடிச் சிறையில் எனக்கு ஒதுக்கிய அறையின் மின்விசிறி
ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை விக்கும்.
அந்த விக்கலுக்கு நடுவில்தான்
ஆட்களிடம் நான் கேட்க வேண்டும்:
சின்ன வயதில் உன்னை யார் அடித்தது?

இன்று சோணைமுத்து. வயது நாற்பத்தொன்று.
மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் தராசு பிடித்தவன்.
மல்லிகை விலை ஏறிக் கிடந்த ஒரு தை முகூர்த்தத்தன்று
இரண்டு கிலோ படிக்கல்லால்
கூட்டாளி காதுக்கு மேலே ஒரே அடி.
ஒன்பது வருடமாகிறது.

முன்விடுதலைக் குழுவுக்கு என் அறிக்கை வேண்டும்.
படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம்,
தீப்பெட்டி அகலத்துக்கு.

“அப்பன் என்னைய அடிக்கலம்மா.
அடி வாங்குனது பூராம் அண்ணன்.
அது செக்கானூரணியில டீக்கடை போட்டு
ஒருத்தர்ட்ட ஒத்த ரூவா கடன் சொன்னதில்ல.”

ஒரு காலத்தில் தாடையை அளந்தார்களாம்,
காதுமடலை, நெற்றிச் சரிவை.
குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளி என்று
ஒரு படிப்பு இருந்ததாம்.
சொன்னேன். சிரித்தான்.
“எங்க பக்கம் அளக்கக்கூட இல்ல.
ஊரு பேரக் கேட்டாக, வெரல மையில அமுக்குனாக.
ராவானா சாவடியில தலைய எண்ணிப் படுக்கப் போட்டாக.
எடுத்த களவுக்கா?
இனிமே எடுக்கப்போற களவுக்கு.”

யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாய்?
“படிக்கல்லத் தூக்கவா? பத்து வயசுல இருந்து தூக்குறேன்.
அன்னைக்குக் கீழ வைக்கத்தான் தெரியல.”

மனசாட்சி?
“அது எனக்கு முன்னாடி ஓடிப்போயி ஆட்டோவக் கூப்டுச்சு.
கோரிப்பாளையம் ஆஸ்பத்திரி வரைக்கும்
அவன் தலை என் மடியிலதான்.”

பிறகு அவனாகவே சொன்னான்.
நாலு பேர் பூ வாங்க நிற்கையில்
கல்லின் அடியைச் சுரண்டி வைத்திருக்கிறான் என்று
கூட்டாளி கத்தியிருக்கிறான்.
சுரண்டியிருந்தாயா?
“ஆமா. அவன்தான் சுரண்டச் சொன்னான்.”

கோர்ட்டில் அந்தக் கல்லை நிறுத்தார்கள்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது கிராம்.
எழுபது கிராம் காரணம் எங்கே போனதென்று
தீர்ப்பில் இல்லை.

எழுந்திருக்கும்போது கேட்டான்:
“நீங்க யாரையும் அடிக்க நெனச்சதே இல்லையா மேடம்?”
பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

காளவாசல் வீட்டு அடுப்படி. சித்திரை வெயில்.
பத்திரத்தோடு வந்து நின்றான் அண்ணன்.
அப்பா வீட்டில் எனக்குப் பங்கில்லை என்று
நானே எழுதித்தர வேண்டிய பத்திரம்.
அதற்குப் பெயர் விடுதலைப் பத்திரம்.
“பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு வீடு?”
என் கையில் தேங்காய் உடைத்த அரிவாள்.
கை மேலே போனதா, போகவில்லையா,
இன்றுவரை எனக்கே தெரியாது.

அப்போது போன் அடித்தது.
சிலிண்டர் பதிவாகிவிட்டது என்று
ஒரு பதிவுக் குரல்,
பணிவாக, முதலில் இருந்து மறுபடியும்.
முழுக்கக் கேட்டேன்.
வைத்தபோது
அரிவாள் தேங்காய் உடைக்கிற அரிவாளாகியிருந்தது.
அண்ணன் ஒரு சில்லை எடுத்து மென்றுகொண்டிருந்தான்.

எத்தனை பெயர்கள் படித்தேன் பல்கலைக்கழகத்தில்,
உந்துதல், கட்டுப்பாடு, பற்று, ஆளுமைக் கோளாறு.
கேஸ் கம்பெனிக்கு அதில் ஓர் அத்தியாயம் கிடையாது.

கட்டத்தில் எழுதினேன்:
‘அந்த நிமிடம் அவனை யாரும் அழைக்கவில்லை.’
மாலைக்குள் திரும்பி வந்தது.
மேலதிகாரியின் பென்சில் வட்டம்,
பக்கத்தில் ‘விளக்கம் தேவை.’

வெளியே வந்து இரண்டு முழம் பூ கேட்டேன்.
அளக்கும்போது பூக்காரி
முழங்கையைக் கொஞ்சம் மடக்கினாள்.
பார்த்தேன்.
நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.
காசைக் கொடுத்தேன்.