மூன்றாவது ஷட்டர்

கூத்தாநல்லூர் ஜெகபர் கடையில்
இரண்டாயிரத்து இருநூறுக்குப் பேசி முடித்தேன்,
உள்ளங்கையில் அடங்கும் கிரேக்கப் பாதாளம்.
முன்னால் வைத்திருந்தவன் கட்டைவிரலில்
வட்டப் பொத்தான் மட்டும்
பாதி தேய்ந்திருந்தது.

கோரையாற்றில் எனக்கு இரவு முறை.
ஐந்து ஷட்டர், ஒரு டார்ச், ஒரு நோட்டு.
மணிக்கொரு தரம் அளவுகோலைப் பார்த்து
அடி, அங்குலம் எழுதவேண்டும்.
மிச்சம் கிடக்கிற ஐம்பத்தெட்டு நிமிடமும்
செத்தவர்களின் ஆற்றங்கரையில் இருப்பேன்.

மலைமேல் தேவர்களுக்குள் ஏதோ சண்டை.
யார் யாருக்கு மகன், யார் யாரை விழுங்கினான்,
ஒன்றும் பிடிபடவில்லை. எழுத்து அப்படி ஓடுகிறது.
எனக்கு விளங்கியது இவ்வளவுதான்:
ஒரு சிப்பாய், கேடயம் உடைந்தவன்.
கீழே ஐந்து ஆறு.
ஒன்றில் நெருப்பு, ஒன்றில் அழுகை,
ஒன்றைக் குடித்தால் பெற்றவள் பேர் மறந்துபோகும்.
ஐந்துக்கும் ஒரே படகுக்காரன்.
நாக்கடியில் காசில்லாமல் வருகிறவனைத்
துடுப்பால் அடித்துத் தள்ளுவான்.
சிப்பாயிடம் காசில்லை.
பதினோரு நாளாக நான் அடி வாங்குகிறேன்.

வழியில் கல்மதகு வந்தால்
வட்டப் பொத்தானை விடாமல் குத்தவேண்டும்.
குத்தக் குத்தச் சிப்பாயின் கழுத்து நரம்பு புடைக்கும்,
கதவு ஒரு சாண் ஏறும்.
விரல் தளர்ந்தால் தொப்பென்று விழும்.
அதற்கு நம் ஷட்டர் தேவலை.
கிரீஸ் போட்ட மரை, ஏறிய இடத்தில் நிற்கும்.

முறைவைத்துத் தண்ணீர் விட்ட வாரம்.
மூன்றாவது மூடியே இருக்கவேண்டும் என்று
தாள் வந்திருந்தது, கையெழுத்து முத்திரையோடு.

ஒன்றரை மணிக்கு ஓர் ஆள்.
இடும்பாவனம் பக்கம், பேர் இளஞ்சேரன் என்றார்.
முழங்கால் வரை புழுதி. சேறு இருக்கவேண்டிய மாதம்.
"தாள்ல என்ன இருக்கோ அதான்"
என்று நாக்கில் தயாராக வைத்திருந்தேன்.
அவர் தண்ணீர் கேட்கவில்லை.
தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"நேரா அடிக்காதீங்க சார்.
படகு முனையில லாந்தர் தொங்குது பாருங்க,
அதை உடைங்க மொதல்ல.
வெளிச்சம் போனா
காசு எது கல்லு எதுன்னு அவனுக்குத் தெரியாது.
சிங்கப்பூர்ல, மேல்கட்டில்ல படுத்துக்கிட்டே
இதை மூணு தரம் முடிச்சிருக்கேன்."

லாந்தருக்கு ஒன்பது அடி.
"இப்ப தாவுங்க. இல்ல, இப்ப."
ஒன்பதாவதில் கண்ணாடி சிதறியது.
இருட்டில் நீண்ட எலும்புக் கையில்
சிப்பாய் ஒரு கூழாங்கல்லை வைத்தான்.
படகுக்காரன் விரலை மூடிக்கொண்டான்.
படகு அசைந்தது.
பதினோரு நாள்! நான் சத்தம் போட்டே சிரித்துவிட்டேன்.

தண்ணீர்ச் சத்தம் கேட்டது.
நல்ல சத்தமாக வைத்திருக்கிறான் என்று நினைத்தேன்,
அந்தச் சின்ன ஸ்பீக்கரில்.

நிமிர்ந்தால் இளஞ்சேரன் இல்லை.
டார்ச்சைத் துழாவினேன்.
எப்போது அதைக் கேட்டு வாங்கினார், எப்போது கொடுத்தேன்,
ஞாபகமில்லை.
மூன்றாவது ஷட்டர் பக்கம் இன்னொருவன்
சக்கரத்தை விட்டுவிட்டு
கையிலிருந்த கிரீஸை நிதானமாகக் கைலியில் துடைத்தான்.
முப்பது மரையாவது ஏறியிருக்கும்.

பேட்டரி சிவப்பில் துடித்தது.
ஆட்டத்தைச் சேமிக்க
ஒளித்தூண் வரை பத்தடி நடக்கவேண்டும்.
சக்கரத்துக்கும் பத்தடிதான்.

சேமித்தேன்.

பிறகு நோட்டை எடுத்து
இரண்டு மணிக்கு நேராக எழுதினேன்:
மூன்றாவது, மூடியுள்ளது.
நாலு மணிக்குப் போய்
எழுதியதை உண்மையாக்கினேன்.
டார்ச் சுவர்மேல் இருந்தது, செல் கழற்றாமல்.

அடுத்த கட்டத்தில் மூன்று தலை நாய்.
ஒரு தலை தூங்கினால் இரண்டு விழிக்கிறது.
எந்தத் தலையை முதலில் என்று தெரியவில்லை.
முறைவைப்பு இன்னும் நான்கு நாள்.
ஒன்றரை மணி ஆனால்
டார்ச்சை அணைத்துவிட்டு
முத்துப்பேட்டை ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.