நாலு விரல்

இறக்கைகள் நேற்றே போய்விட்டன
தனித்தனி லாரியில்,
ஒவ்வொரு போல்ட்டும் எண் எழுதிய துணிப்பையில்.
இன்று உடல்.

மீனம்பாக்கத்துப் புதர் மூலையில்
முப்பத்தோரு வருஷம் கடல்காற்று தின்ற மிச்சம்.
அலுமினியத்துக்குத் துரு சிவப்பில்லை.
வெள்ளை. விரலில் ஒட்டினால் திருநீறு.
"உப்பைக் கழுவு, கீறலைத் தொடாதே"
பெர்னதெத்துக்கு இது ஒன்றுதான் சட்டம்,
சரக்கறைக் கதவில் எவனோ ஆணியால் கிறுக்கிய
'லோகு'வுக்கும் சேர்த்து.
உள்ளே ஒரு காக்கிக் குல்லா, ஏழு குளவிக்கூடு.
கூட்டையுமா பையில் போடணும்?
கூட்டையும்.

என் வேலை முன்னால் நடப்பது.
கையில் ஐந்தே முக்கால் மீட்டர் மூங்கில்,
நுனியில் சிவப்புத் துணி.
இது தட்டினால் அது தட்டும்.

பன்னிரண்டே காலுக்கு ஜிஎஸ்டி ரோட்டை மூடினார்கள்.
அறுபத்து நாலு டயர்
பிரசவ வார்டுக்குப் போகிறவள் நடையில் நகர்ந்தது.
மின்வாரியத்து ஜம்புலிங்கம் ஏணி வண்டியில் நின்று
கேபிள்களைத் தூக்கிப் பிடித்தார்,
கொடிச்சேலையை ஒதுக்கி விருந்தாளிக்கு வழிவிடுவது மாதிரி.
கட்சித் தோரணத்தைத் தொட மட்டும்
ஒருத்தருக்கும் தைரியமில்லை.
வட்டச் செயலாளரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டு
அவிழ்த்தோம்.

கத்திப்பாராவுக்கு முன் ஒரு நடைமேம்பாலம்.
மூங்கில் டக்கென்றது.

போன மாதம் அளந்தபோது தட்டவில்லை.
நடுவில் புதுசாகத் தார் போட்டிருக்கிறார்கள்.

முப்பதாயிரம் அடியில் போனது
நாலு விரலுக்கு நின்றது.

ஹைட்ராலிக் இதற்குமேல் இறங்காது.
வாலடிக் கட்டையை அறுத்துவிடலாம் மேடம்,
அஞ்சு நிமிஷம், என்றார் கான்ட்ராக்டர்.
பெர்னதெத் பதில் சொல்லவில்லை.
ரோட்டில் படுத்து டயரைப் பார்த்தாள்.

அறுபத்து நாலு வால்வு.
ஆளுக்கு எட்டாகப் பிரித்துக்கொண்டோம்,
ஒரு போலீஸ்காரரும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குந்தினார்.
ஸ்ஸ்ஸென்ற சத்தத்துக்கு ஒரு நாய் குரைத்தது,
அலுத்தது, படுத்தது.
நாற்பது நிமிஷம்
மூச்சு விடுவதைத் தவிர
அந்த ரோட்டில் வேறெதுவும் நடக்கவில்லை.

பிறகு துணி மட்டும் உரச, போனது.

அந்தப் பக்கம் கம்ப்ரசர்.
மூணு பத்துக்கு, காற்று ஏற ஏற,
கண்ணுக்குத் தெரியாமல் எழும்பியது.
பழைய பறப்புக் குறிப்பேடு என் பையில்தான் இருந்தது.
கடைசிப் பக்கம் பாதி காலி.
ஏறிய உயரம் என்று ஒரு கட்டம்.
எழுதட்டுமா என்றேன்.

சட்டையில் தாரோடு நின்று
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"பென்சில்ல."