நூறு வருடத் தவணை

எங்கள் ஊரை அடகு வைத்தார்கள்.
கதையில்லை.
ஆயிரத்து எண்ணூற்று மூன்று, ஜூன் மாதம்,
பன்னிரண்டரை லட்சம் தாலருக்கு.
வைத்தது ஸ்வீடன்,
வாங்கிப் பூட்டியது மெக்லென்பர்க்.
தவணை நூறு வருடம்.
ஊரைக் கேட்டார்களா என்று கேட்காதீர்கள்.
காதிலிருந்து கழற்றும்போது
தோட்டிடம் யாராவது சம்மதம் கேட்பதுண்டா?

நான் கெஸீனெ ப்யோல்கோ.
விஸ்மார் பழைய துறைமுகத்தில்
கயிற்றில் கட்டிக் கிடக்கும் படகின் மேல் நின்று
ஹெர்ரிங் மீனை ரொட்டிக்குள் வைத்து விற்கிறேன்.
வாங்கியவர்கள் வாய் நிறைய மீனோடு
அந்தத் தலைகளைக் காட்டுவார்கள்:
மீசை முறுக்கி, சிங்கத்தோலைக் குல்லாயாய்ப் போட்டு
வாசலில் நிற்கும் இரண்டு தலைகள்.
யார் இவர்கள்?
ஸ்வீடன்காரர்கள் என்போம்.
இல்லை என்பார்கள் படித்தவர்கள்.
பெயிண்ட் உரிய உரியப் பூசிவிடுகிறோம்,
அவ்வளவுதான் தெரியும்.

அதற்கெல்லாம் முன்னால்
பியர் காய்ச்சிக் கொழுத்த ஊர் இது.
எங்கள் பீப்பாய் நார்வே வரை உருண்டது,
திரும்பி வந்தது கருவாட்டு நாற்றத்தோடு.
கல் கிடைக்காத மண்.
களிமண்ணைச் சுட்டுச் சுட்டே
மேகத்தைத் தொட்டார்கள்.
கடலில் இருப்பவனுக்கு
முதலில் கோபுரம் தெரியும், பிறகு ஊர்,
கடைசியில்தான் கடன்காரன்.

அடகில் இருந்தபோது
நாட்டுச் சபையில் எங்களுக்கு நாற்காலி கிடையாது.
தொண்ணூற்று நாலு வருடம்.
பெட்டிக்குள் இருக்கும் நகை பேசக்கூடாதே.

தவணை முடிந்த வருடம்
நகராட்சி எழுத்தர் டெட்லோஃப் ஃபிக்கெ
வட்டிக்கு வட்டி கணக்குப் போட்டாராம்.
காகிதம் தீர்ந்து மேஜையில் எழுதினார்,
மேஜை தீர்ந்து எழுந்து போய்விட்டார்.
ஸ்வீடன் மீட்க வரவில்லை.
வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியது.
ஊர் கொடி கட்டிக் குடித்தது.
மீட்காத அடகு மூழ்கிப்போகும் என்பார்கள்.
ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாமல்
கடலோரத்திலேயே மூழ்கினோம்.

குண்டு விழுந்தது நாற்பத்தைந்தில், ஏப்ரலில்,
போர் முடிய மூன்று வாரம் இருக்கையில்.
மரியாள் கோயிலின் உடம்பை
அறுபதில் எங்கள் அரசே வெடி வைத்துத் தகர்த்தது.
கோபுரத்தை மட்டும் விட்டார்கள்.
கப்பலுக்கு அடையாளம் வேண்டுமல்லவா.
கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லாமல்
அது இன்னும் மணி சொல்கிறது.

என் யூர்ன் பதினெட்டு வருடம்
கப்பல் கட்டும் கொட்டகையில் வெல்டர்.
ஒரு ஜனவரியில் சம்பளம் நின்றது.
பாதி கட்டிய கப்பல் உள்ளேயே நின்றது,
ஊரில் எந்த வீட்டையும்விட உயரமாக,
ஒரு விளக்குகூட இல்லாமல்.

மார்ச்சில் ரயிலேறி லூபெக் போனேன்.
மோதிரம், அவன் அக்கார்டியன்.
கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்
சீட்டைக் கிழித்து நீட்டினாள்:
மூன்று மாதம்.
எங்களுக்கு நூறு வருடம் கொடுத்தார்கள் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
லூபெக்காரி,
பழைய போட்டி.

மீட்டேனா என்றா கேட்கிறீர்கள்?
மீன் ஆறுகிறது.
வெங்காயம் வைக்கட்டுமா, வேண்டாமா?