வலக்கை உறை

அவள் வந்த அன்று மழை.
நெசவாலை வாசலில் நிலக்கரித் தூளின்மேல்
சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள்.
ஒன்பது மணிக்குள் அது கறுத்துவிட்டது.
மேலாளர் ஓல்வர் மூன்று முறை மீசையைச் சீவினார்.
கடன் வாங்கிய வெள்ளை ஏப்ரன்களில்
நானூறு பெண்கள்,
எந்திரங்களோடு சேர்த்து எங்களுக்கும்
எண்ணெய் போட்டதுபோல் மினுங்கி நின்றோம்.

அரசிக்குப் பத்தொன்பது வயது.
காசில் பார்த்த முகம்தான்,
காசில் மூக்கு இன்னும் கொஞ்சம் நீளம்.
அவளுக்கு ஜலதோஷம் பிடித்திருந்தது.
அதையெல்லாம் காசில் அடிக்கமாட்டார்கள்.

எதற்காக என் தறியருகே நின்றாள்?
இன்றுவரை தெரியாது.
இழை அறுந்து என் தறி ஓய்ந்திருந்தது,
அந்த இரைச்சலுக்குள் அங்கே மட்டும்தான்
ஒரு வார்த்தை நுழைய இடமிருந்தது.
"உன் பெயர்?"
"சுன்னிவா."
கை நீட்டினாள்.
என் கையிலோ மசகு, நீலச் சாயம்,
காலையில் தின்ற மத்தி மீனின் வாடை.
ஏப்ரனில் துடைத்தேன், போகவில்லை.
ஒரு கணம் பார்த்தாள்.
பிறகு விரல் விரலாகத்
தன் உறையைக் கழற்றினாள்.

அவ்வளவுதான் நடந்தது.
சில்லிட்ட கை. நகம் கடித்த கை.

சனிக்கிழமை பத்திரிகையில் படம் போட்டார்கள்.
அதில் நான் அழகாயிருந்தேன், அவள் உயரமாயிருந்தாள்.
பாதிரியார் அதை வைத்து முக்கால் மணி நேரம் பிரசங்கித்தார்.
ஆலைக்குச் சோப்பு வந்தது, துண்டு வந்தது,
இரவு வேலைச் சிறுமிகளுக்கு ஒரு மணி நேரம் குறைந்தது.
யாரும் சட்டம் போடவில்லை,
வெட்கம் போட்டது.

பிறகு தலைநகரச் சீமாட்டிகள்
உறையில்லாமல் விருந்துக்குப் போனார்கள்.
அவர்களைப் பார்த்து வணிகர் மனைவிகள்,
அவர்களைப் பார்த்து
எங்கள் மருந்துக்கடைக்காரர் மகள்.
பனி உருகுவதற்குள்
ராஜ்ஜியம் முழுக்க வெறுங்கை.

ஆற்றுக்கு அக்கரையில் கையுறைத் தொழிற்சாலை.
என் தங்கை தூருன் அங்கே கட்டைவிரல் தைப்பவள்.
பதினொரு வருடமாய்க் கட்டைவிரல் மட்டும்.
மே மாதம் ஒருநாள் அதன் புகைபோக்கி புகையவில்லை.
மறுநாளும் இல்லை.
மூன்றாம் வாரம் அதன் விளிம்பில்
கடற்காகம் ஒன்று சுள்ளி சேர்த்தது.

"உன்னுடைய கைகுலுக்கல்" என்றாள் தூருன்,
சூப்பைக் கிளறியபடி.
வேறொன்றும் சொல்லவில்லை.

மனு எழுதலாம் என்றார்கள்.
என்னவென்று எழுதுவது?
மாட்சிமை தங்கிய அரசியே,
நீங்கள் என் கையைத் தொட்டிருக்க வேண்டாம் என்றா?

அன்று தறிச்சட்டத்தில் அவள் மறந்துவிட்டுப் போன உறை
என்னிடம்தான் இருந்தது.
ஒரு ராத்திரி எடுத்துக் காட்டினேன்.
தூருன் உட்புறம் வெளிவரத் திருப்பி,
வைத்தியர் நாக்கைப் பார்ப்பதுபோல்
விளக்கருகே பிடித்துத் தையலைப் பார்த்தாள்.
"எங்கள் பட்டறைதான்.
கட்டைவிரல் என்னுடையதில்லை, ஆல்ஹில்டுடையது.
இடக்கைக்காரி, நூல் எதிர்ப்பக்கம் சாயும் பார்."
ஆல்ஹில்ட் இப்போது துறைமுகத்தில்
மீனை வகுந்து உப்பில் அடுக்குகிறாள்.
உப்பு அவள் விரல்களைத் தின்றுகொண்டிருக்கிறது.

தூருன் உறையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.
"ஒற்றைதான், இருந்தாலும் கொடுக்கிறேன்."

அது அவளுக்குச் சேராது.
நான் சொல்லவில்லை.
அந்த விரல்கள் எவ்வளவு மெலிந்தவை என்று
எனக்குத் தெரியும்.