முப்பத்தொன்றாவது கசிவு

கலம்போலி. இரவு இரண்டரை.
அரைவையை நிறுத்திய பிறகுதான்
சிமென்ட் ஆலையின் காற்றுக் குழாய்கள் வாய் திறக்கும்.
அதுவரை அவற்றின் சீறலை
உருளையின் இரைச்சல் விழுங்கியிருக்கும்.

சோப்பு நுரை, டார்ச், சிவப்பு அட்டைக் கட்டு.
நுரை கொப்புளித்த இடத்திலெல்லாம் ஓர் அட்டை.
டன்னுக்கு முப்பத்தெட்டு யூனிட்;
முப்பத்திரண்டாக்கித் தருகிறேன் என்று
அந்தேரி அலுவலகத்தில் கையெழுத்திட்டவள் நான்.
பெரிய விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு
அதன் வாயைத் தகட்டால் பாதி அடைத்திருந்தார்கள்,
பிரேக்கை மிதித்தபடியே ஆக்ஸிலரேட்டர்.
அதையும் எழுதிக்கொண்டேன்.

முப்பத்தொன்றாவது,
மூட்டை கட்டும் இடத்தில், முகத்தின் உயரத்தில்.
துரு அரித்த ஓட்டையல்ல.
டிரில் போட்ட வட்டம்; விளிம்பு சுத்தம்.
எதிரே கவிழ்த்த பெயிண்ட் டப்பா.
அதன்மேல் காசிநாத் மாத்ரே,
புருவமெல்லாம் சிமென்ட்,
காற்றுக்கு நீட்டிய கழுத்து.
"மே மாசம் இங்கே நின்னு பாருங்க மேடம்"
என்றார் இந்தியில். அவ்வளவுதான்.

மூன்று மில்லிமீட்டர். மூன்று கிலோவாட்.
கணக்கு என் பக்கம்.
அறுபது வாட்டில் ஒரு மின்விசிறி மாட்டிவிட்டு
பிறகு இதை அடைக்கவும் என்று எழுதினேன்.
'பிறகு' என்பதை அடிக்கோடிட்டேன்.

நாலாம் நாள் பதில் வந்தது,
பன்வேலிலிருந்து செம்பூருக்குத் திரும்பும் மதிய ரயிலில்.
கசிவுகள் அனைத்தும் அடைக்கப்பட்டன, நன்றி.
மின்விசிறி, அடுத்த காலாண்டில்.

பெண்கள் பெட்டியில் நானும்
மீன்கூடைக்காரி ஒருத்தியும்.
தலைக்கு மேல் விசிறிகள் எல்லாம்
காலி இருக்கைகளுக்காகச் சுற்றிக்கொண்டிருந்தன.
எழுந்து சுவிட்சைத் தேடினேன்.
பயணிகளுக்கு எட்டும் இடத்தில் இல்லை.