குறைந்த எண்

பெரியாஸ்பத்திரி லேப், இரண்டாவது மாடி.
தொண்ணூற்றாறு குழி உள்ள தட்டு,
குழிக்கு ஒரு தொண்டை.

சுற்றுக்குச் சுற்று இரட்டிக்கும்.
ஒன்று இரண்டாகி, நாலாகி, எட்டாகி
எந்தச் சுற்றில் திரையில் கோடு தலைதூக்குகிறதோ
அதுதான் எண்.
பதின்மூன்றிலேயே எழுந்தால்
எதிர்சேவைக் கூட்டம்.
முப்பத்தைந்தில் எழுந்தால்
கூட்டம் கலைந்த தல்லாகுளத்தில்
ஒற்றைச் செருப்பைத் தேடும் ஒருவன்.

கிருமி பெருத்தால் எண் சிறுக்கும்.

முதல் அலையில்
கோடு போட்ட நோட்டில் ஆளுக்கொரு வரி எழுதினேன்.
முதல் நாள், ஐந்தாம் நாள், பத்தாம் நாள்.
இருபத்திரண்டு, இருபத்தேழு, முப்பத்து மூன்று.
எண் ஏற ஏற ஆள் படியிறங்கி வீட்டுக்குப் போவார்
என்றுதான் நினைத்திருந்தேன்.
செல்லூர் ஜைத்தூன் பீவி முப்பத்தொன்றில் இறந்தார்.
பதினாறில் கிடந்த ஆட்டோக்காரர்
டிஸ்சார்ஜ் ஆன அன்றே வாசலில்
பருத்திப்பால் வண்டிக்காரரோடு
சில்லறைக்குச் சண்டை போட்டார்.
இதற்கு நோட்டில் கட்டம் இல்லை.

இரண்டாம் அலை. மே மாதம்.
நோட்டு தீர்ந்து, பழைய படிவங்களின் பின்பக்கம்.
பதினான்கு. பதினொன்று. பன்னிரண்டு.
திரையின் இடது ஓரத்தில்
கோடுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஏறின.

ராத்திரி பதினொன்றரைக்கு போன்.
"அவனியாபுரம் மொக்கச்சாமி மகன் பேசுறேன், சோணைமுத்து.
அப்பாவுக்கு எவ்வளவு?"
சொல்லக் கூடாது. சொன்னேன்.
"பதிமூணுதானா? கம்மிதான் மேடம்.
பக்கத்து பெட்டுக்காரருக்கு இருபத்தாறாம்.
அம்மாட்ட சொல்லிர்றேன், ரெண்டு நாளா சாப்பிடாம கெடக்கு."
வாயைத் திறந்தேன்.
மாஸ்க்குக்குள் அது திறந்தே இருந்தது,
அவன் வைத்த பிறகும்.

ஐந்தாம் நாள் மாதிரி வரவில்லை.
அவர் வரியில் ஒரே ஒரு எண்.

மூன்றாம் அலை, பொங்கலுக்கு முந்தின வாரம்.
சளி இல்லை, காய்ச்சல் இல்லை.
மாடு பிடிக்கவும் மாடு அவிழ்க்கவும்
சான்று கேட்டு வரிசையில் நின்ற தொண்டைகள்.
ஐந்தாம் வரிசை, ஒன்பதாம் குழி:
மொ. சோணைமுத்து, இருபத்து நாலு வயது.
முப்பத்து நாலாம் சுற்றில், எழலாமா வேண்டாமா என்று
ஒரு கோடு.

"மேடம், முப்பத்து நாலுன்னு போட்ருக்கு. அம்புட்டா?
எனக்கு ஒண்ணுமே செய்யலையே."
"பயப்படாதீங்க, அது ரொம்பக் கம்மி.
இதுல நம்பர் கூடுனா கிருமி கொறவு."

சொன்ன பிறகுதான் பெயர் உறைத்தது.

அந்தப் பக்கம் காளையின் கழுத்துமணி.
யாரோ தொட்டியில் தண்ணீர் ஊற்றும் சத்தம்.

"அப்ப அப்பாவுக்கு..."

இருபத்தொரு சுற்று வித்தியாசம்.
இருபத்தொரு தடவை இரட்டித்தால்
இருபது லட்சத்துக்கு மேல்.
"ஆமா" என்று மட்டும் சொன்னேன்.

"அன்னிக்கு ராத்திரி அம்மா சாப்புட்டுச்சு மேடம்.
ரெண்டாந்தரம் கொழம்பு கேட்டு வாங்குச்சு."
கொஞ்சம் பொறுத்து,
"காளைய வாடிக்கு யாரு கூட்டிட்டுப் போறதுன்னு பாக்கணும்.
வச்சிர்றேன்."