மூன்று நிமிடம் யாரும் தொடாவிட்டால்

எடைமேடை அறையின் மானிட்டரில்
அணைத்த பிறகும் படிக்கலாம்:
கிராஸ், டேர், நெட்.
ஆறு வருடம் ஒரே இடத்தில் நின்ற எழுத்துகள்
கண்ணாடிக்குள் தழும்பாகிவிட்டன.
புதுசு கேட்டால்
செங்கோடன் முதலாளி
துடைச்சுப் பாத்தியா என்கிறார்.

அதனால் எழுத உட்கார்ந்தேன்.
செட்டிச்சாவடியில் இரவு ஷிப்ட்.
ஒரு வெள்ளைக்கல் லாரிக்கும் அடுத்ததற்கும் நடுவே
கிடைக்கிற அரை மணி.
கீபோர்டில் கல்மாவு,
எஃப் ஏழு அமுங்கினால் எழாது.

உள்ளே கடிகாரம்
நொடிக்குப் பதினெட்டு முறை தட்டும்,
கூடக் கொஞ்சம் சில்லறை.
மூன்று நிமிடத்துக்கு
மூவாயிரத்து இருநூற்று எழுபத்தாறு.
தட்டத் தட்ட ஒன்றைக் கழி.
யாராவது ஒரு விசையைத் தொட்டால்
மறுபடி முதலிலிருந்து.
டாஸ் தன் வேலையில் இருக்கும்போது
அதைக் கூப்பிடக் கூடாது.
கூப்பிட்டேன்.
நாற்பது தடவை ஸ்விட்சை அணைத்துப் போட்டேன்.

எதை வரைவது என்று யோசிக்கவே இல்லை.
ஜன்னலில் ஏற்காடு மலை இருந்தது,
அதில் ஏறுகிற ஒற்றை விளக்கும்.
இருபது கொண்டை ஊசி வளைவு,
கறுப்பில் ஒரே ஒரு செம்மஞ்சள் புள்ளி.
உச்சிக்குப் போனதும் பனிமூட்டம்;
அது வெறும் ரேண்டம்,
விலாசம் இல்லாத புள்ளிகள்.

மாதையன் வண்டி மேடையில் நின்ற அன்று
எடை நிலைக்கட்டும் என்று டீக்குப் போனேன்.
தராசு அனுப்பும் எண்ணையும்
தொட்டதாகக் கணக்கெடுக்க
விட்டுப்போயிருந்தது.
திரும்பி வந்தால்
திரை கறுத்துக் கிடக்கிறது,
புள்ளி ஏறிக்கொண்டிருக்கிறது,
ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவர்:
என் லோடு எங்கம்மா போச்சு?

எண்டரைத் தட்டப் போனேன்.
இரு, என்றார்.
பதினோராவது வளைவில்
புள்ளி ஒடித்துத் திரும்பியது.
இப்படி ஒடிச்சா
பின்வீலு ஓரக்கல்லுல ஏறிரும்.
வெளிய போயிட்டு வரணும்.

அந்த வரியில் ஒன்பது கூட்டினேன்.
இப்போது புள்ளி
அகலமாய் வெளியே போய் வருகிறது.
போகிற இடத்தில் 'நெட்' எரிந்த தழும்பு;
அதைக் கடக்கும்போது மட்டும்
வெளிச்சம் கொஞ்சம் குறைகிறது.

தராசு எண்களை இன்னும் சேர்க்கவில்லை.
முதலாளி இல்லாத இரவுகளில்
மேடையில் லாரி நிற்க
எண்டரை நானும் உடனே தட்டுவதில்லை.